எப்போது நிற்கிறது?

மும்பை வடாலாவில் டிவியில் படம் நின்றால் முதலில் திட்டு வாங்குபவர் கேபிள்வாலா. மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்குக் கேபிள் இழுத்து நெட் கொடுப்பவர் அவர் என்பதால் பழியும் அவருக்கே போகிறது. போன் பறக்கும். ஒரு பையன் வருவான். கைபேசியில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிக் காட்டி, "நெட் சரியாத்தான் வருது அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் போவான். பெரும்பாலும் அவன் சொல்வது உண்மை. வீட்டு சர்வரில் கிடக்கும் படம் அதே வீட்டு டிவிக்கு வருவதற்கு வெளி நெட் தேவையில்லை. வாசல் வழியாக நுழையும் ஃபைபரைப் பிடுங்கிப் போட்டாலும் அந்தப் படம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அப்படி வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் கோளாறைத் தேடிப் பிடிப்பதுதான் என் தொழில். வடாலா, அண்டாப் ஹில், சயான் கோலிவாடா, மாட்டுங்கா என்று இந்த வட்டாரத்து வீடுகளில் மீடியா சர்வர் வைத்துக் கொடுக்கிறேன். நின்று போனால் போய்ப் பார்க்கிறேன். சர்வர் என்றதும் பெரிய பெட்டியைக் கற்பனை செய்ய வேண்டாம். ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். உள்ளங்கைக்குள் அடங்கும் ராஸ்பெரி பை கூடப் போதும். அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க், ஜெல்லிஃபின் அல்லது பிளெக்ஸ் போன்ற ஒரு மென்பொருள். ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் எம்பி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. எம்பி தன் மூலநிரலை மூடியபோது, திறந்தே இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் தனியே நடத்தத் தொடங்கினார்கள். காசு கிடையாது, வெளியே எங்கும் கணக்குத் திறக்கவும் வேண்டாம். டிவியில் அதன் ஆப்பைத் திறந்தால் டிஸ்கில் இருப்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளின் டிஸ்கைத் திறந்து பார்த்தால் சினிமாவைவிடக் கல்யாணம் அதிகம் இருக்கும். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. தமிழ்ப் படம் பார்க்க கிங்ஸ் சர்க்கிளில் அரோரா தியேட்டர் இருந்தது. அக்கா கல்யாணத்தையும் ஊர் அம்மன் கொடையையும் எந்தத் தியேட்டரும் காட்டாது. அவை வி.எச்.எஸ். கேசட்டாக மாலாவில், அதாவது பரணில், ஏறி உட்கார்ந்தன. பிறகு விசிடி ஆயின, டிவிடி ஆயின, இப்போது ஃபைலாகக் கிடக்கின்றன. அடுத்த தலைமுறைக் கல்யாணங்கள் நேராக 4கே ஃபைலாகவே வந்து இறங்குகின்றன. விசிடியில் படத்துக்கு நொடிக்கு ஒரு மெகாபிட்டுக்குச் சற்று மேல் போதும். டிவிடிக்குப் பத்து மெகாபிட் வரை. புளூரேக்கு நாற்பது வரை. 4கே புளூரே நூறையும் தாண்டும். நாற்பது வருஷ இடைவெளியில் எடுத்த படங்கள் ஒரே டிஸ்கில் அடுத்தடுத்து இருக்க, ஒரே டிவி அத்தனையையும் காட்ட வேண்டியிருக்கிறது. அப்பா கல்யாணம் ஓடுகிறது, மகன் கல்யாணம் ஓடவில்லை என்று ஒரு வீட்டில் சொன்னால் நான் ஆச்சரியப்படுவதில்லை.

படம் நின்றால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். "சுத்துது", "ஸ்டக் ஆகுது", "நின்னு நின்னு வருது" என்று வீட்டுக்கு வீடு சொல்வது மாறும், வட்டம் மாறாது. டிஸ்க் கெட்டாலும் அதே வட்டம், வைஃபை நெரிந்தாலும் அதே வட்டம். ஆகவே வட்டத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர், சாயங்காலம் ஏறுகிறதா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறதா என்று கேட்பாரே, அப்படித்தான் இதுவும். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் "ஏன் நிற்கிறது" என்று கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ஊகம் சொல்வார்கள். எப்போது என்று கேட்டால் சாட்சி சொல்வார்கள். படம் போட்டவுடனா, அரை மணி கழித்தா, ராத்திரி மட்டுமா, ஒரே காட்சியிலா, எல்லாப் படத்திலுமா? இந்தப் பதில் கிடைத்துவிட்டால் பையைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

படம் போட்டவுடன் சுற்றி, பத்து நொடியில் ஓடத் தொடங்கி, பிறகு நிற்கவே இல்லை என்றால் அது நோயே இல்லை. வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்குகள் பலவும் சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தாமாகவே சுழல்வதை நிறுத்திக்கொள்ளும். கூப்பிட்டால் மறுபடி சுழன்று வேகம் பிடிக்க ஐந்து முதல் பத்து நொடி ஆகும். காதை வைத்துக் கேட்டால் 'டக்' என்ற சத்தமும் அதன்பின் ஏறும் இரைச்சலும் கேட்கும். டிஸ்க் தூங்கப் போகும் நேரத்தைத் தள்ளி வைக்கலாம். பொறுமை உள்ள வீட்டில் அப்படியே விட்டுவிடச் சொல்வேன்.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் சந்தேகம் இரண்டு. ஒன்று டிஸ்கில் அந்த இடம் பழுதாகியிருக்கலாம். இன்னொன்று, அந்தக் காட்சிக்கு மட்டும் பாதை போதாமல் இருக்கலாம். அண்டாப் ஹில் பக்கம் ஒரு வீட்டில் மகன் கல்யாணப் படம் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் நின்றது. எத்தனை முறை போட்டாலும் அதே இடம். "சகுனம் சரியில்லையோ என்னவோ தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, பாதி விளையாட்டாக. ஃபைலைத் திறந்து, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட்ரேட்டைப் பார்த்தேன். படம் முழுக்கச் சராசரி எழுபது மெகாபிட் அளவில் போகிறது. அந்த இடத்தில் நூறைத் தாண்டி எழும்புகிறது. கெட்டி மேளம் கொட்ட, நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும் நேரம் அது. வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் எழுதி வைக்கிறது. அசையாத சுவருக்கு எழுத அதிகம் இல்லை. ஆயிரம் அரிசி ஆயிரம் திசையில் பறந்தால் ஒவ்வொன்றையும் எழுதியாக வேண்டும். மழை, கடலலை, பூமாரி எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

அந்த வீட்டில் டிவிக்குக் கேபிள் போட்டிருந்தது. கேபிள் நல்ல கேபிள், ரௌட்டரும் ஆயிரம் மெகாபிட் ரௌட்டர். டிவியின் முதுகில் இருந்த லேன் சாக்கெட்தான் நூறு மெகாபிட். விலை உயர்ந்த டிவிகளில் கூட இன்றும் பல நூறோடுதான் வருகின்றன. கடைகளில் கிடைக்கும் சினிமா ஆப்புகளுக்கு அது தாராளம் என்பது தயாரிப்பவர் கணக்கு. தாலி கட்டும் நேரத்துக்கு அது போதவில்லை. ஒரிஜினலைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, டிவிக்கென்று அளவான பிட்ரேட்டில், எச்.265 என்ற சுருக்கும் முறையில், பிரதி ஒன்று எடுத்து வைத்தோம். அதன்பின் அட்சதை தடையில்லாமல் விழுந்தது.

டிஸ்க் பழுதா, பாதை போதவில்லையா என்று பிரிப்பது சுலபம். அந்த ஃபைலை சர்வரிலேயே வேறு இடத்துக்குக் காப்பி செய்து பார்க்க வேண்டும். டிஸ்க் பழுதென்றால் காப்பியும் அதே இடத்தில் மூச்சுத் திணறும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியல் ஒன்று உண்டு. அதில் நான் மூன்று எண்களைத்தான் பார்ப்பேன். 5 என்பது மாற்றிக் கொடுத்த செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 199 என்பது டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள கேபிளில் ஏற்படும் பிழைகள். 199 ஏறினால் கேபிளை மாற்றினால் போகும். 197 பூஜ்யத்தை விட்டு நகர்ந்திருந்தால் பழுது பார்க்கும் பேச்சே கிடையாது. முதலில் கேசட்டிலிருந்து வந்த கல்யாணங்களை வேறு டிஸ்குக்கு மாற்ற வேண்டும். மீண்டும் எடுக்க முடியாதவை அவைதான். சினிமா எங்கேயும் கிடைக்கும்.

இன்னொரு வகைச் சாட்சி வீட்டு ஆட்களைப் பொறுத்து வரும். பாட்டி பார்த்தால் ஓடுகிறது, பேத்தி பார்த்தால் நிற்கிறது. படம் ஒன்றே, டிவி ஒன்றே, நேரம் கூட ஒன்றே. கேட்டால், மும்பையில் பிறந்து வளர்ந்த பேத்திக்குத் தமிழ் வேகமாகப் பேசினால் பிடிபடாது. ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்வாள். பாட்டிக்கு அது வேண்டாம். கோளாறு அங்கேதான். சப்டைட்டிலில் எழுத்தாக இருப்பது ஒரு வகை, படமாக இருப்பது ஒரு வகை. டிவிடியிலும் புளூரேயிலும் வருவது படம். அதைத் தானே மேலே பொருத்திக் காட்டத் தெரியாத டிவி, சர்வரிடம் பொறுப்பைத் தள்ளிவிடும். சர்வர் ஒவ்வொரு ஃபிரேமையும் விரித்து, அதன்மேல் எழுத்தைப் பதித்து, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம். இதற்குத்தான் டிரான்ஸ்கோடிங் என்று பெயர். இந்த உலகத்தில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது எஃப்எஃப்எம்பெக். ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. திறமையான மென்பொருள்தான். ஆனால் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரின் பிராசஸரை நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிடும்.

ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் யார் எதைப் பார்க்கிறார்கள், அது நேராகப் போகிறதா, டிரான்ஸ்கோடிங் ஆகிப் போகிறதா, ஆகிறதென்றால் எதனால் என்று எழுதியே இருக்கும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. படமாக இருந்த சப்டைட்டிலை எழுத்தாக மாற்றி எஸ்ஆர்டி ஃபைலாகப் பக்கத்தில் வைத்துவிட்டால் பேத்தியும் நிம்மதியாகப் பார்ப்பாள். டிரான்ஸ்கோடிங்கைத் தவிர்க்கவே முடியாத வீடுகளில் மட்டும் இயந்திரத்தை மாற்றச் சொல்வேன். இன்டெல் பிராசஸர்களில் வீடியோவுக்கென்று தனிப் பகுதி 2011 முதலே உண்டு. 10 பிட் எச்.265க்கு முழுதாகக் கை கொடுப்பது ஏழாம் தலைமுறையிலிருந்து. செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் லாமிங்டன் ரோடுக்குப் போகும்போது, எத்தனை ஜிபி ராம் என்று கேட்பதற்கு முன் எத்தனையாம் தலைமுறை என்று கேட்க வேண்டும்.

ராத்திரி எட்டு மணிக்குமேல் மட்டும் நிற்கிறது, காலையில் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றால் சர்வரைத் தொட வேண்டாம். கோளாறு காற்றில். எஸ்ஆர்ஏ என்ற குடிசை மறுவாழ்வுக் கட்டடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். குடிசைக்குப் பதில் கொடுத்த வீடு 225 சதுர அடியில் தொடங்கி இப்போது 300 வரை வந்திருக்கிறது. ஒரு மாடியில் வரிசையாகக் கதவுகள். கதவுக்கு ஒரு ரௌட்டர். கைபேசியில் வைஃபை ஸ்கேனரைத் திறந்தால் பெயர்கள் திரை கொள்ளாமல் ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. இத்தனை வீடும் அந்த மூன்றுக்குள் அடங்க வேண்டும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம் என்பது வைஃபையின் அடிப்படை விதி. பக்கத்து வீட்டுப் பையன் கேம் டவுன்லோடு போட்டால், அவன் நெட் வேறு, உங்கள் நெட் வேறு என்றாலும், காற்று ஒன்றே. உங்கள் கல்யாணப் படம் அவன் பேசி முடிக்கக் காத்திருக்கும்.

இதில் வீட்டு சர்வர்காரர்கள் தெரியாமல் சுமையை இரட்டிப்பாக்கிக் கொள்கிறார்கள். சர்வரும் வைஃபையில், டிவியும் வைஃபையில். சர்வரிலிருந்து ரௌட்டருக்கு ஒரு முறை, ரௌட்டரிலிருந்து டிவிக்கு ஒரு முறை என்று அதே படம் இரண்டு தடவை காற்றில் பறக்கிறது. நடுவில் சிக்னலை நீட்ட எக்ஸ்டெண்டர் ஒன்று மாட்டியிருந்தால் மூன்று தடவை. டிவியை நகர்த்த முடியாது, சரி. சர்வரை ரௌட்டர் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு முழக் கேபிளால் இணைத்துவிட்டால் சுமை அப்படியே பாதியாகிறது. இந்த ஒரு மாற்றத்தில் தீர்ந்துபோன வீடுகள் நிறைய.

அடுத்தது 5 கிகாஹெர்ட்ஸ். 2018 அக்டோபரில் அரசு இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதன்பின் சேனலுக்குப் பஞ்சமில்லை. சுவரைத் தாண்டும் பலம் இதற்குக் குறைவு. கூட்டமான கட்டடத்தில் அந்தக் குறையே வரம்: பக்கத்து வீட்டு இரைச்சலும் சுவர் தாண்டி வராது. அந்தச் சேனல்களிலும் 52 முதல் 144 வரை ஒரு நிபந்தனை உண்டு. அவை ரேடாருக்கும் உரியவை. ரௌட்டர் அங்கே குடியேறும் முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு எப்போது ரேடார் போல ஏதாவது கேட்டாலும் பத்து நொடிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அரை மணி நேரத்துக்குத் திரும்பி வரக் கூடாது. நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த படம் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நிமிடம் செத்து, பிறகு எதுவும் நடக்காதது போல ஓடினால் ரௌட்டரின் பதிவேட்டில் ரேடார் என்ற சொல்லைத் தேடுவேன். ரௌட்டர் வேறு எதையோ ரேடார் என்று நினைத்துப் பயந்து ஓடுவதும் உண்டு. எதுவானாலும் மருந்து ஒன்று: 36 முதல் 48 வரை, அல்லது 149இலிருந்து மேலே ஒரு சேனலை நிரந்தரமாகப் பூட்டி வைப்பது.

சில நிறுத்தங்கள் சமையலறையிலிருந்து வரும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். யாராவது குழம்பைச் சூடு பண்ணும் இரண்டு மூன்று நிமிடம் 2.4 பட்டையில் உள்ள டிவி தடுமாறும். இன்னும் மறைவானது யுஎஸ்பி 3.0. அதன் கேபிளும் சாக்கெட்டும் கக்கும் இரைச்சல் சரியாக 2.4 பட்டையில் வந்து விழுகிறது. இன்டெல்லே 2012இல் இதை அளந்து எழுதியிருக்கிறது. புது டிஸ்க் வாங்கி சர்வரில் மாட்டிய நாள் முதல் அதே சர்வரின் வைஃபை மந்தமானது என்று ஒருவர் சொன்னால், டிஸ்கை ஓர் அடி தள்ளி வைத்துப் பார்ப்பதே முதல் சோதனை.

ஓடத் தொடங்கி அரை மணி கழித்து நிற்பது பெரும்பாலும் சூடு. சர்வரை ஷோகேஸின் மூடிய தட்டில், செட்டாப் பாக்ஸுக்கு மேல், தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். மும்பை மே மாதத்தில் அதற்குள் கை வைக்க முடியாது. ராஸ்பெரி பை 80 டிகிரியை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எரிந்து போகாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, படம் நிற்கிறது. துணியை எடுப்பதுதான் வைத்தியம்.

எப்போது என்ற கேள்வி எவ்வளவு நல்லதோ, அதற்கு வரும் பதிலில் அவ்வளவு ஏமாற்றும் உண்டு. பக்தி பார்க் பக்கம் ஒருவர், மோனோரயில் போகும்போதெல்லாம் படம் நிற்கிறது என்றார். வடாலாவிலிருந்து செம்பூருக்கு 2014இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் தூண்கள் அவர் ஜன்னலுக்கு நேரே. அவர் சொன்னது வெறும் ஊகம் இல்லை. ஒரு தாளில் நேரம் குறித்து வைத்திருந்தார். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தம். வண்டியும் கிட்டத்தட்ட அந்த இடைவெளியில்தான் வந்தது. "மின்சார வண்டி சார், அதோட காந்தம் வைஃபையை இழுக்குது" என்று காரணமும் வைத்திருந்தார்.

சர்வர் ராஸ்பெரி பை. அதன் பதிவேட்டைத் திறந்து நேரங்களைத் தாளோடு பொருத்தினோம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரே, மின்னழுத்தம் குறைந்தது என்ற எச்சரிக்கை வரி. பைக்கு 5 வோல்ட் வேண்டும்; 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த வரியை எழுதும். அடுத்த வரியில் யுஎஸ்பி டிஸ்க் துண்டிக்கப்பட்டது. அதற்கடுத்த வரியில் மறுபடி சேர்ந்தது. மின்சாரத்தைப் பின்தொடர்ந்தால் ஆடிக்கொண்டிருந்த ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு; அதில் பையின் மொபைல் சார்ஜர்; பக்கத்துச் சாக்கெட்டில் ஃபிரிட்ஜ். கம்ப்ரஸர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் போர்டில் மின்னழுத்தம் சரிந்தது. மலிவான சார்ஜர் அதைத் தாங்கவில்லை. "ஃபிரிட்ஜை அரை மணி அணைச்சு வைங்க சார்" என்றேன். வண்டிகள் போயின, படம் நிற்கவில்லை. பைக்கென்று விற்கும் சரியான அடாப்டர், தனிச் சாக்கெட் — முடிந்தது. இரண்டு விஷயம் ஒரே தாளத்தில் நடக்கிறது என்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகாது. ஒன்றை நிறுத்தி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். மோனோரயிலை நிறுத்த முடியாது, ஃபிரிட்ஜை நிறுத்தலாம். ஆகவே கையில் இருப்பதை முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தாளமே இல்லாத நிறுத்தங்கள்தான் பொறுமையைச் சோதிப்பவை. நேரமும் கிடையாது, படமும் கிடையாது. இஷ்டத்துக்கு நிற்கும், இஷ்டத்துக்கு ஓடும். அப்போது நான் சந்தேகப்படுவது கேபிளை. துறைமுகக் குடியிருப்பில் வாழ்ந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி, வைஃபையே வேண்டாம் என்று வீடு முழுக்கக் கேபிள் ஓட்டியிருந்தார். "கம்பி போட்டா கண்ணியமா ஓடும்னியே தம்பி, நிக்கில்லா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

முதலில் டிவியையும் படத்தையும் ஒதுக்கிவிட்டுக் கேபிளை மட்டும் அளந்தேன். சர்வரில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருள், கேபிளின் மறுமுனையில் என் லேப்டாப்பில் ஐபெர்ஃப்3. டிஸ்க் இதில் கலக்காது, டிவி கலக்காது; கேபிள் எவ்வளவு சுமக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆயிரம் மெகாபிட் வர வேண்டிய இடத்தில் 94 வந்தது. சில நேரம் அதுவும் இல்லை. இந்த மென்பொருள் இல்லாதவர்கள் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து பார்க்கலாம். நொடிக்கு 110 மெகாபைட் போனால் ஆயிரம் மெகாபிட் இணைப்பு. 11இல் நின்றால் நூறு மெகாபிட் இணைப்பு. நடுவில் எதுவும் வந்தால் கோளாறு வேறெங்கோ.

நூறுக்கும் ஆயிரத்துக்கும் வித்தியாசம் கேபிளின் நிறங்களில் இருக்கிறது. உள்ளே எட்டு இழை, நான்கு ஜோடி. நூறு மெகாபிட்டுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஆயிரத்துக்கு நீலமும் பிரவுனும் சேர்ந்து நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். நீலத்தில் ஓர் இழை விட்டுப்போனாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், நெட் வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கனெக்டரை வெட்டி எடுத்து, ஓர் இழையின் உறையை உரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம் போயிற்று, உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு பூசிய அலுமினியக் கேபிள். சுருள் விலை பாதி. அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தை அதிகம் தடுக்கும், வளைத்தால் சீக்கிரம் ஒடியும். கடல் பக்கத்து ஈரக் காற்றில் கிரிம்ப் செய்த இடம் அரிக்கும். ஜன்னல் விளிம்பில் வளைந்து போன இடத்தில் நீல இழை ஒடிந்திருந்தது. காற்றில் கேபிள் ஆடினால் தொடும், ஆடினால் விடும். அதுதான் தாளமில்லாத தாளம்.

அண்ணாச்சி பிளேடை வாங்கித் தானே ஒரு முறை சுரண்டிப் பார்த்தார். "செம்புன்னு சொல்லித்தான வித்தான்" என்றார். சுத்தச் செம்புக் கேட்6 வாங்கி வந்து, ஜன்னல் வழியாகப் போகாமல் உள்சுவர் ஓரமாக ஓட்டினோம். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். இந்த வரிசையை விரல் தானே சொல்லும் அளவுக்குப் பழகியிருந்தாலும், கிரிம்ப் செய்யும் முன் வெளிச்சத்தில் காட்டி ஒரு முறை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். மறுபடி அளந்தபோது 940 மெகாபிட்.

இத்தனை வகைக் கோளாறுக்கும் நான் பின்பற்றுவது இரண்டே ஒழுங்கு. பாதையைப் பாதியில் வெட்டிப் பார்ப்பது முதல் ஒழுங்கு. டிஸ்க், சர்வர், வழி, டிவி என்று நான்கு கை மாறி வருகிறது படம். நடுவில் நின்று அளந்தால் கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டினால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இரண்டாவது. அவசரத்தில் ரௌட்டரை மாற்றி, கேபிளை மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்தால் படம் ஓடலாம். எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடி மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். நான் வருவதற்குள் பல வீடுகளில் செய்து முடித்திருப்பது இதைத்தான். அதோடு 100 மெகாபிட் நெட் பிளானை 300க்கு உயர்த்தியும் இருப்பார்கள். மாதாமாதம் பணம் போகும். டிஸ்கிலிருந்து டிவிக்கு வரும் படத்துக்கு அந்தப் பணம் ஒரு துளி உதவாது.

காற்றைக் கணிக்கலாம், சேனலைப் பூட்டலாம். ஆனாலும் படம் நிற்காத வீடுகள் என்று எடுத்தால் டிவி வரை நல்ல கேபிள் போன வீடுகள்தான் தேறும். அதற்குத் தடை காசு கிடையாது, சுவர்தான். வீட்டுக்கு வண்ணம் அடித்து முடித்த பிறகு யார் சுவரை உடைக்க விடுவார்கள்? வடாலாவிலும் மாட்டுங்காவிலும் இப்போது தெருவுக்குத் தெரு பழைய கட்டடம் இடிபட்டு ரீடெவலப்மெண்ட் நடக்கிறது. சொசைட்டி மீட்டிங்கில் எத்தனை சதுர அடி கூடுதல், எத்தனை பார்க்கிங், எந்தக் கம்பெனி லிஃப்ட் என்று நள்ளிரவு வரை பேசுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நெட் நுழையும் இடத்திலிருந்து டிவி மாட்டப் போகும் சுவர் வரை 25 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒன்று. முழங்கை போட்டு ஒடிக்காமல் வளைவாக வளைத்து, கரண்ட் குழாயிலிருந்து தள்ளி, உள்ளே இழுவைக்கு ஒரு நைலான் கயிறு விட்டு. சுவர் எழும்பும்போது கேட்டால் பில்டருக்கு அது செலவே இல்லை. இன்றைய கேபிள் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். குழாய் இருந்தால் பழசை இழுத்துப் புதுசை விட்டுக்கொள்ளலாம். அப்போது எந்தப் படம் எத்தனை மெகாபிட்டில் வந்தாலும் கவலையில்லை.